மூன்றாவது பூஜி

என் செல்ல மகனுக்கு, வாப்பாவின் சலாம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் பகலுக்கு மாறிவிட்டது. நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. வருகிற வியாழக்கிழமை சீனர் பேட்டையான சோலோனின் பட்டறையிலிருந்து ஆள் வருவார், நம் பழைய வண்டியின் எஞ்சினை இறக்கிவிட்டு வேறு எஞ்சின் வைப்பார் என்றாய். கல்யாணத்துக்குக் கடற்கரை ஊரான வுங் டாவ் வரை போய்ப் பெண்ணை அழைத்துவர வேண்டும், நடுரோட்டில் வண்டி நின்றால் மானம் போகும் என்றாய். நியாயம்தான். தூ டுக் பேட்டையில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இஞ்சினியர் சொல்வதில் நியாயம் இல்லாமல் போகுமா? ஆனால் அந்த எஞ்சினில் மூன்றாவது பூஜி மட்டும் ஏன் தகராறு செய்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று மழுப்பியிருக்கிறேன். அது பொய். காரணம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டு, எஞ்சினை இறக்குவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

இதைத் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாய். எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். என்ன செய்வது, இது உன் உம்மாவுக்குத் தெரியக்கூடாத விஷயம். இந்த ஊர்க்காரியான அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் மவுத்தாகி ஒரு வருஷம் ஆகிவிட்டதே, இனி யார் படித்துவிடப் போகிறார்கள் என்று கேட்பாய். கேள். கடைசி வரை படித்துவிட்டுக் கேள்.

ஸ்பார்க் பிளக்கை இந்தச் சைகோனில் பூஜி என்கிறார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். நம் வண்டியும் அவன் விட்டுப்போனதுதான். அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி வாடகைக்கு ஓட்டியவர் உன் உம்மாவின் அண்ணன். இந்தத் தெற்குச் சீமையில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதிலும் மூத்த பிள்ளையை ஒன்று என்று சொல்வதில்லை, இரண்டு என்பார்கள். ஆகவே அடுத்துப் பிறந்த உன் மாமா மூன்று. மூன்றுக்கு 'பா' என்று பெயர், அண்ணனுக்கு 'ஆன்'. உன் உம்மாவுக்கு அவர் 'ஆன் பா'. நெடுநெடுவென்று உயரமான மனிதர், ஓயாமல் புகைப்பார், சிரித்தாலும் இருமுவார். நான் அப்போது துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காரைக்கால் பையன். தங்கையை எனக்குக் கட்டிக்கொடுக்கக் கூடாதென்று அந்த வீட்டில் எல்லோரும் குதித்தபோது, அவர் ஒருவர்தான், "போகட்டும், இவன் முகத்துல பொய் இல்ல" என்றாராம். அந்தச் சான்றிதழுக்கு நான் எவ்வளவு தகுதி என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து நீயே பார்த்துக்கொள்.

சண்டை முடிந்து சைகோன் வடக்கத்தியர் கைக்கு மாறிய பிறகு நம்மவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். கடை மூடியது. உன் உம்மாவுக்காக நான் தங்கிவிட்டேன். பெட்ரோல் கண்ணில் படாத காலம் அது; வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. ஒருநாள் மத்தியானம் ஆன் பா வந்தார். கடல் வழியாக நாட்டை விட்டுப் போகப் போவதாகச் சொன்னார். வுங் டாவ் பக்கம் ஒரு மீன்பிடிப் படகு. பானட்டைத் திறந்து மூன்றாவது பூஜியை மட்டும் கழற்றி, கந்தல் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது இல்லாம எவனும் வண்டியை எடுத்துட்டுப் போக முடியாது. மூணாவது என்னோட இடம். நான் வந்துதான் மாட்டுவேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, பஸ் பிடிக்க நடந்தார். ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அந்தப் படகில் போன யாரைப் பற்றியும் யாருக்கும் ஒரு சொல் வரவில்லை. வருஷங்கள் போயின. உன் உம்மா அவரைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். வுங் டாவ் என்று யாராவது சொன்னால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

கடைகள் மறுபடி திறந்து, கையில் நாலு காசு புரண்டவர்கள் கல்யாணத்துக்குப் பழைய பிரெஞ்சுக் கார் கேட்கத் தொடங்கியபோது, நான் தார்ப்பாயை இழுத்தேன். வேறு பிழைப்பு இல்லை. பட்டறைகளில் நின்று பார்த்தும் கையைச் சுட்டுக்கொண்டும் வேலை கற்றேன். மூன்றாவது குழி மூடியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பழைய பூஜியைத் தேடிப் பிடித்து மாட்டியபோது உன் உம்மா கதவருகே நின்றாள். "அது அண்ணன் இடம் மச்சான்" என்றாள். "அண்ணன் வந்தா கழட்டிக் கொடுத்துட்டாப் போச்சு" என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். 

அதற்குப் பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. பன்னிரண்டு பதின்மூன்று நாள் வண்டி பட்டுப்போல ஓடும். திடீரென்று ஒருநாள் ஸ்டார்ட் செய்தால் வண்டி முழுக்க உதறும், குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி. மூன்றாவது வேலை செய்யாது. நாலைந்து தெரு தாண்டி எஞ்சின் நன்றாகச் சூடானதும் தானாகச் சரியாகிவிடும். ஒரு கல்யாணத்தில் மணப்பெண் ஏறி உட்கார்ந்ததும் இப்படி உதறியது. பெண்ணின் தாயார் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்துவிட்டு, "உள்ளே இன்னொருத்தர் உட்கார்ந்திருக்காரே, யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை. பெண்ணை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீ அப்போது மூன்று நான்கு வயதுப் பிள்ளை. வண்டி உதறும்போதெல்லாம், "வாப்பா, வண்டி இருமுது" என்று சிரிப்பாய். உன் உம்மா முகம் வெளுத்துவிடும். உன் மாமா இருமுவார் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. நோய் என்றால் காரணம் இருக்கும். பூஜியைக் கழற்றினால் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். லேசான பழுப்பு நிறமாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. வறண்ட கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது. நம் மூன்றாவது இவற்றில் எதிலும் சேரவில்லை. பெட்ரோலில் நனைந்து சொட்டச் சொட்ட வந்தது, நெருப்பே விழவில்லை என்று அர்த்தம். மூன்றாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினேன். பூஜி கெட்டிருந்தால் நோய் அதோடு இடம் மாறும். மாறவில்லை, மூன்றாவது குழியிலேயே நின்றது. ஒயரை மாற்றினேன். கரண்ட்டைப் பங்கு பிரிக்கிற டெல்கோவின் மூடியை மாற்றினேன். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். குழியைக் கட்டைவிரலால் அடைத்து எஞ்சினைச் சுற்றவிட்டேன், காற்று விரலைப் பிடித்துத் தள்ளியது. பூஜியைத் துடைத்து எஞ்சின் மேலேயே படுக்கவைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் நீலப்பொறி பளிச் பளிச்சென்று விழும். அதையே குழிக்குள் இறக்கினால் அணைந்துவிடும். சோலோனில் ஒரு சீன மெக்கானிக் வண்டியைச் சில நாள் வைத்திருந்துவிட்டுக் கூலி வாங்காமல் சாவியை நீட்டினார். "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா என் பட்டறையில வேணாம், எடுத்துட்டுப் போயிடு" என்றார். ஏன் என்று கேட்டேன். ஷட்டரை இறக்கினார்.

நடுவில் ஒரு புத்திமதி, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு. எஞ்சினில் கோளாறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கையும் ஒரேயடியாக மாற்றினால் கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. வீட்டிலும் அதே கதைதான். மருமகள் முகம் வாடியிருந்தால் வீட்டை மாற்றுகிறேன், வேலையை மாற்றுகிறேன் என்று கிளம்பாதே. எந்த நாளில் வாடுகிறது என்று முதலில் கவனி. நான் அதைக் கவனித்தது மிகத் தாமதமாக, அதுவும் தற்செயலாக.

நம் சந்தில் மாதம் இரண்டு நாள் வீட்டுக்கு வீடு வாசலில் தட்டு வைப்பார்களே, பழம், பொரி, சர்க்கரை, ஊதுபத்தி எல்லாம் வைத்துக் காகிதம் எரிப்பார்களே, நீ பார்த்து வளர்ந்ததுதான். இவர்கள் கணக்கில் மாதத்தின் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும். நம் பிறைக்கும் அதற்கும் ஒன்றிரண்டு நாள்தான் வித்தியாசம். நோன்புக்குப் பிறை பார்த்துப் பழகிய எனக்கு ஒருநாள் சட்டென்று உறைத்தது. சந்தில் புகை வாசனை வருகிற நாளில்தான் வண்டி உதறுகிறது. அடுத்த முறையும் அப்படி. அதற்கடுத்த முறையும் அப்படி. பூஜிக்குப் பிறை தெரியுமா? மகனே, நான் பயந்தேன். வாய்விட்டுச் சொல்கிறேன், கொட்டகைக்குள் தனியாகப் போகப் பயந்தேன். ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டுதான் பானட்டைத் திறப்பேன்.

குழிக்குள் கறுப்பாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் கிடக்கும். எலிப்புழுக்கை என்று முடிவு கட்டி எலிப்பொறி வைத்தேன். எலி விழவில்லை. ஒரு பதினாறாம் நாள் அடியில் ஈரம் தெரிந்தது. தண்ணீரா பெட்ரோலா என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் தண்ணீரின் உப்பு. இந்த வண்டி என் கைக்கு வந்த பிறகு கடல் பக்கமே போனதில்லை.  ஒரு பூஜி கந்தல் துணியில் சுற்றி எங்கோ கடலடியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அதன் இடத்தில் உப்பு ஊறுகிறது.

அதற்கடுத்த இரண்டாம் நாள், லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் புறப்பட்டுச் சந்து முனை வரை போனவன், தொப்பியை மறந்துவிட்டேன் என்று திரும்பினேன். மத்தியானம் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வெயில் தலைக்கு நேராக நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், நாய்கூடப் படுத்துவிடும். கொட்டகைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. உன் உம்மாவின் குரல்தான், ஆனால் நான் அதுவரை கேட்டிராத குரல். ஒரு பத்து வயதுப் பெண் அண்ணனிடம் கொஞ்சுகிற குரல். "ஆன் பா, சாப்பிடு. அவசரப்படாதே, மெதுவா சாப்பிடு." கதவிடுக்கில் பார்த்தேன். பானட் திறந்திருந்தது. நம் வண்டியில் பூஜிகள் ஆழமான குழிகளுக்குள் இருக்கும், நீளக் காம்பு வைத்த மூடி அவற்றை மூடியிருக்கும் அல்லவா? அவள் மூன்றாவது காம்பை உருவி, முந்தானைத் துணியிலிருந்து ஒரு சிட்டிகை அரிசியும் உப்பும் எடுத்துக் குழிக்குள் போட்டாள். காம்பைத் திரும்ப அழுத்தினாள். பிறகு குனிந்து எஞ்சினில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். அது குளிர்ந்து கிடந்த எஞ்சின். எதைக் கேட்டாளோ, தலையை ஆட்டினாள்.

நான் ஓசைப்படாமல் திரும்பிப் போய், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தொழுதேன். நிலையில் நிற்கும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அடக்கம் செய்த கபுர் இல்லாதவர்களும் இறந்த நாள் தெரியாதவர்களும் பசியோடு அலைவார்கள் என்பது இவர்கள் நம்பிக்கை. அவர்களுக்குத்தான் அந்த இரண்டு நாளும் அரிசியும் உப்பும் இறைப்பது. கலிமா சொல்லி என்னைக் கட்டிக்கொண்டவளுக்கு நான் போட்ட முதல் சட்டம், வீட்டில் ஊதுபத்தியும் படையலும் கூடாது என்பது. ஊதுபத்தி வைத்தால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று, அரிசியையும் உப்பையும் மட்டும், நான் பள்ளிக்குப் போகிற நேரமாகப் பார்த்து, அண்ணன் தன் இடம் என்று சொன்ன குழிக்குள் போட்டிருக்கிறாள். உப்பு இந்த ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். உப்பு ஈரத்தில் கரண்ட் ஓடும். பூஜியின் நுனிக்குப் போக வேண்டிய கரண்ட் பக்கவாட்டில் ஒழுகிவிடும். எஞ்சின் சூட்டில் உப்பு காய்ந்ததும் சரியாகிவிடும். எலிப்புழுக்கை என்று நான் நினைத்தது கருகிய அரிசி. எவ்வளவு சுத்தமான காரணம் பார்! எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமைதான் வந்தது. கெட்டிக்காரன் நான்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் ட்யூபை வெட்டி, காம்பின் அடியில் பூஜியோடு இறுக்கமாகப் பொருந்துகிற மாதிரி ஒரு உறை செய்து மாட்டினேன். உப்பு போட்டாலும் உறைக்கு வெளியேதான் கிடக்கும், கரண்ட்டைத் தொடாது. அடுத்த பதினாறாம் நாள் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருகினேன். வண்டி தேன் மாதிரி ஓடியது. உன் உம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் அந்த நேரத்தில் அங்கே வந்து நிற்பாள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"நிறுத்திட்டு இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்" என்றாள்.

பண்ணினேன். உதறவில்லை.

"இன்னும் ஒரு தடவை."

"ஏன் புள்ள? நல்லாத்தானே ஓடுது."

"ஆமா" என்றாள். "நல்லா ஓடுது." உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்த இரண்டாம் நாளும் உதறவில்லை. அதன் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். மீன் தொடமாட்டாள். பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "உம்மா ஏன் பேச மாட்டேங்குறாங்க?" என்று என்னைக் கேட்டாய். டாக்டரிடம் கூட்டிப்போனேன், ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அண்ணன் வரதில்ல மச்சான். முன்னெல்லாம் கூப்பிட்டா வந்துடுவார். இப்ப வரதில்ல. வழி தெரியாம எங்கேயோ பசியோட நிக்கிறார்."

அப்போதுதான் எனக்கு உண்மையான காரணம் புரிந்தது. நான் எதைக் கோளாறு என்று நினைத்தேனோ, அதுதான் அவளுக்கு அண்ணனிடமிருந்து வந்த பதில். உப்பு போட்டதும் வண்டி உதறும், இருமும், நாலு தெரு தாண்டியதும் அடங்கும். வந்தார், சாப்பிட்டார், போனார். இத்தனை வருஷம் அவள் உயிரோடு இருந்ததே அந்த உதறலை நம்பித்தான். கபுர் இல்லை, சேதி இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. அதை நான் ஒரு துண்டு ட்யூபை வைத்து அடைத்துவிட்டேன். மகனே, என் ஆயுளில் நான் செய்த வேலைகளில் மிகச் சரியாக அமைந்தது அந்த உறைதான். என் கையாலேயே கத்தி வைத்து அதை அறுத்து எறிந்தேன்.

அடுத்த பதினாறாம் நாள் நான் சாவியைத் திருகினேன். வண்டி உதறியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டேன், ஒரு பூஜி வேலை செய்யாததற்கு உலகத்தில் அல்ஹம்துலில்லாஹ் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சமையலறைக் கதவில் உன் உம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள், நம் ஊர்ப் புளியும் அவள் ஊர் மீன் சாறும் கலந்து. நீ மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். அதிலிருந்து அந்த இரண்டு நாட்களில் நான் வாடகை ஒத்துக்கொள்வதில்லை. நல்ல முகூர்த்தத்தை விடுகிறீர்களே என்று நீகூடப் பெரியவனானதும் சண்டை பிடித்தாய். மறுநாள் காலையில் கருகிய அரிசியைத் துடைத்து எடுப்பேன். அவளுக்குத் தெரியாமல்தான் செய்தேன். அவள் எனக்குத் தெரியாமல் போட, நான் அவளுக்குத் தெரியாமல் துடைக்க, இப்படியே காலம் போனது.

தெரியாமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் தெளிவாகப் பேசிய அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணாவதைச் சரி பண்ணிடாதீங்க மச்சான்" என்றாள்.  "அந்தக் காலத்துல தொப்பியை மறந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கே கதவுக்கு வெளியில உங்க நிழல் தெரிஞ்சுது" என்றாள். இத்தனைக்கும் அது உச்சி மத்தியானம், நிழல் விழுகிற நேரமே இல்லை. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அப்படியானால் அந்த ட்யூப் உறையும் அவளுக்குத் தெரியுமா என்று கேட்க வாய் எடுத்தேன், நீ வந்துவிட்டாய். இன்றுவரை அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது. உறை அவளுக்குத் தெரியாது என்றால் இனியும் தெரிய வேண்டாம், இந்தக் கடிதத்தை அவள் படிக்க முடியாத மொழியில் எழுதுவது அதனால்தான், வேறு ஒன்றும் இல்லை.

அவள் போன பிறகு நான் உப்பு போடவில்லை. நமக்கென்று மார்க்கம் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் பானட் மேல் கையை வைத்து இரண்டு பேருக்குமாக ஒரு பாத்திஹா ஓதுவேன், அவ்வளவுதான். பல மாதம் வண்டி ஒரு சிணுங்கல் இல்லாமல் ஓடியது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நீ மெட்ரோ பிடித்து வந்தாய், புதுப் பூஜி நான்கும், தண்ணீர் புகாத ரப்பர் மூடி நான்கும் கொண்டுவந்து உன் கையாலேயே மாட்டினாய். இனி ஜென்மத்துக்கும் தகராறு வராது என்றாய். போன மாதம் நீ ஓட்டிப் பார்த்தபோது உதறியதே, அது என்ன நாள் என்று நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அடுத்த முறை நீ இல்லை. கொட்டகைச் சாவி என் இடுப்பில். லுஹர் தொழுதுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தேன், உதறியது. நிறுத்தி எல்லாப் பரிசோதனையும் செய்தேன், ஒன்றொன்றாக. பூஜியை இடம் மாற்றினேன், நோய் மூன்றாவது குழியிலேயே நின்றது. ஒயர் நன்றாக இருந்தது. மூடி நீ அழுத்தியபடியே கச்சிதமாக இருந்தது, குழி வறண்டிருந்தது, உப்பு இல்லை, ஈரம் இல்லை. விளக்கை உள்ளே காட்டினேன். அடியில் ஒரே ஒரு அரிசி கிடந்தது. கருகவில்லை. வெள்ளையாக, இப்போதுதான் களைந்து வைத்தது போல இருந்தது. ஒரு அரிசி எஞ்சினை உதறவைக்காது, அது உனக்கும் தெரியும். நீ போட்டதாக இருந்தால் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், சந்தோஷப்படுவேன். நீ போடவில்லை என்றால் அதைச் சொல்லாதே.

பெண் வீட்டார் குறித்திருக்கும் நாள் இவர்கள் கணக்கில் பதினாறு. நீ வியாழக்கிழமை ஆளை வரச்சொல்வதும் வேண்டாமென்பதும் உன் விருப்பம். வாப்பா கட்டளை போடவில்லை, கேட்கிறேன். அந்த ஒரு நாள் பழைய எஞ்சினே ஓடட்டும். பிறகு அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். கண் மங்கிவிட்டது, நான் ஓட்ட முடியாது, நீதான் ஓட்ட வேண்டும். கிளம்பும்போது உதறினால் இறங்காதே, பானட்டைத் திறக்காதே. சலாம் சொல்லிவிட்டு இரண்டாவது கியரிலேயே மெதுவாகப் போ, நாலு தெருவில் அடங்கிவிடும். வுங் டாவில் கடற்கரை ஓரமாக வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி, பின் கதவைத் திறந்து வை. மருமகள் ஏன் என்று கேட்டால் காற்று வரட்டும் என்று சொல்.

திரும்பும்போது மருமகளை முன்னால் உன் பக்கத்தில் உட்காரவை. பூக்கூடையையும் சீர்ப்பெட்டியையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல். பின் சீட்டில் எதையும் வைக்காதே. உன் மாமா உயரமான மனிதர், கால் நீட்ட இடம் வேண்டும்.